வீட்டில் படித்த மகள் பள்ளிக்குப் போவதா, வேண்டாமா: முடிவெடுக்க அவளுக்கு எப்படி உதவுவது?

பட்டர்வொர்த் அம்மா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் வசிக்கும் எங்களுக்கு 11 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். முதலாம் ஆண்டில், அதாவது முதல் வகுப்பில், எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் சேர்த்தோம். சேர்ந்த சில மாதங்களிலேயே அவளுக்கு நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்னும் சிறுநீரகக் கோளாறு இருப்பது தெரிய வந்தது. சிறுநீரில் புரதம் வெளியேறுவதால் காலையில் எழும்போது கண்ணிமைகள் வீங்கியிருக்கும். ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் அடங்கும். ஆனால் வகுப்பில் யாருக்காவது சளியோ காய்ச்சலோ வந்து அது அவளையும் தொற்றிக்கொண்டால் மறுபடியும் தலைதூக்கிவிடும். வீட்டுக்கும் மருத்துவமனைக்குமாக அலைந்த பிறகு, சிறப்பு மருத்துவரின் கடிதத்தோடு மாநிலக் கல்வி இலாகா வழியாக விண்ணப்பித்து, பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிப்பதற்கு விலக்குப் பெற்றோம்.

அன்றிலிருந்து அவளுக்கு நான்தான் ஆசிரியை. தமிழ்ப்பள்ளிப் பாடநூல்களைக் கொண்டே தமிழ், கணிதம், அறிவியல் மூன்றையும் நடத்துகிறேன். ஆங்கிலம் அவள் தந்தையின் பொறுப்பு. மலாய்மொழியைப் பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியை அன்போடு சொல்லிக் கொடுக்கிறார். சனிக்கிழமைகளில் பினாங்குப் பாலம் கடந்து கிரீன் லேன் மின்னியல் நூலகத்துக்கோ தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காவுக்கோ அழைத்துச் செல்வோம். படிப்பில் குறையொன்றும் தெரியவில்லை. கணிதத்தில் வயதுக்கு மீறியே போகிறாள். மலாயில் கட்டுரை எழுதச் சொன்னால் மட்டும் தடுமாறுகிறாள்.

இப்போது நெடுநாளாக நோய் திரும்பவில்லை. மருந்தும் நிறுத்தியாகிவிட்டது. இனிப் பள்ளிக்கு அனுப்பலாம் என்று மருத்துவர் சொல்கிறார். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. 'இத்தனை நாள் நாம் அவளுக்காக முடிவெடுத்தோம், இம்முறை அவளே எடுக்கட்டும்' என்று என் கணவர் அவளிடமே விட்டுவிட்டார். அவளோ சித்தப்பா பிள்ளைகள் வந்து போன அன்று இரவு 'போகிறேன் அம்மா' என்கிறாள். மறுநாள் காலையில் கேட்டால் 'இப்படியே இருந்துவிடட்டுமா?' என்கிறாள். என் மாமியார் எதிர்வரும் சனவரியில் தொடக்கப்பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் ஆண்டிலேயே சேர்த்துவிட வேண்டும் என்கிறார். ஓராண்டு பொறுத்து நேரே இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றில் சேர்க்கலாமே என்று நான் நினைக்கிறேன்.

என் மனத்தில் எந்தப் பக்கம் சாய்வு இருக்கிறது என்பதை அவள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். அவளை ஒரு பக்கமாகத் தள்ளாமல், அதே சமயம் கைகழுவியும் விடாமல், அவள் முடிவெடுக்க எப்படித் துணைநிற்பது என்று அனுபவம் உள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

புக்கிட் மெர்தாஜாம், ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். தமிழ்ப்பள்ளியில் மாணவர் நலப் பொறுப்பிலிருந்த துணைத் தலைமையாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கணவர் நல்ல மனத்தோடுதான் முடிவை மகளிடம் விட்டிருக்கிறார். ஆனால் அந்த முடிவில் எவ்வளவு பங்கு உண்மையில் அவளுடையது என்பதை நீங்கள் இருவரும் முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட 29ஏ பிரிவின்படி, மலேசியாவில் வசிக்கும் குடிமக்களின் பிள்ளைகளுக்குத் தொடக்கக்கல்வி 2003 முதல் கட்டாயமாகும். மீறும் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். விலக்களிக்கும் அதிகாரம் அமைச்சருக்கு உண்டு. உங்களுக்குக் கிடைத்தது அந்த விலக்குதான். இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தத்தை 2025-இல் மக்களவை நிறைவேற்றியிருக்கிறது. நோயைக் காட்டிப் பெற்ற விலக்கு, நோய் தணிந்துவிட்டதென்று மருத்துவரே சொல்லும்போது எவ்வளவு காலம் நிற்கும் என்பதை மாநிலக் கல்வி இலாகாவிடம் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பதில் கைக்கு வருவதற்கு முன் 'போகிறாயா, இல்லையா' என்று பிள்ளையிடம் கேட்பதை நிறுத்தி வையுங்கள். அவள் 'இல்லை' என்று சொல்லி, அதன்பிறகு இலாகா 'போயாக வேண்டும்' என்று சொன்னால், அவள் உங்களிடம் ஒருமுறை ஏமாந்தவளாகிவிடுவாள். அடுத்த தடவை கருத்துக் கேட்டால் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விடுவாள்.

போக வேண்டியதுதான் என்றாகிவிட்டாலும் அவள் முடிவு செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. எந்தப் பள்ளி, எந்த ஆண்டில், தன் நோயைப் பற்றி யாரிடம் எவ்வளவு சொல்வது, புறப்பாட நடவடிக்கையில் எதில் சேர்வது, வீட்டில் நடந்துவரும் பாடங்களில் எதைத் தொடர்வது என்பவற்றை அவளே சொல்லட்டும்.

ஆறாம் ஆண்டா, படிவம் ஒன்றா என்று கேட்டால், ஆறாம் ஆண்டு என்பதே என் கருத்து. காரணம் மலாய்மொழி. தமிழ்ப்பள்ளியில் கணிதமும் அறிவியலும் அவள் பழகிய தமிழிலேயே நடக்கும். இடைநிலைப்பள்ளியில் வரலாறு, புவியியல் எல்லாமே மலாயில்தான். தமிழ், சீனப்பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகளில் மலாயில் பின்தங்கியவர்களுக்குப் படிவம் ஒன்றுக்கு முன் ஓராண்டுப் புகுமுக வகுப்பு இருப்பதே இந்தத் தாவல் எவ்வளவு பெரியது என்பதைக் காட்டும். ஆறாம் ஆண்டு முடிவில் நடந்துவந்த யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் கைவிடப்பட்டுவிட்டதால் ஆறாம் ஆண்டில் முன்போல அரசாங்கத் தேர்வின் நெருக்கடி இல்லை. பள்ளி வாழ்க்கைக்குப் பழகுவதற்கு அதைவிட ஏற்ற ஆண்டு கிடைக்காது. புதிய பள்ளி, புதிய மொழி, புதிய நண்பர்கள் என மூன்றையும் ஒரே காலையில் ஒரு பிள்ளையின் தலையில் ஏற்றுவது வேண்டாம் என்பேன்.

செந்தூல் அப்பா எழுதியது:

ஐயா சொன்ன சட்ட விளக்கத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆறாம் ஆண்டு பற்றி மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு.

வேலை நிமித்தம் நாங்கள் குடும்பத்தோடு துபாயில் இருந்தபோது என் மகன் வீட்டிலேயே படித்தான். கோலாலம்பூர் திரும்பியபோது அவனுக்கு 12 வயது. தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டு வகுப்பு ஒன்றைப் போய்ப் பார்த்தோம். அந்தப் பிள்ளைகள் முதலாம் ஆண்டிலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்கள். யார் யார் பக்கத்தில் உட்காருவது, யாருக்கு என்ன பட்டப்பெயர், எந்த ஆசிரியரிடம் எதைச் சொன்னால் சிரிப்பார் என்பதெல்லாம் அவர்களுக்குள் எப்போதோ முடிவாகிவிட்டிருந்தது. கெட்ட பிள்ளைகள் இல்லை. ஆனால் இவனுக்கு அங்கே இடம் காலியாக இல்லை என்பது வாசலில் நின்றபோதே தெரிந்தது. படிவம் ஒன்று வேறு மாதிரி. பல தொடக்கப்பள்ளிகளிலிருந்து வந்து சேரும் பிள்ளைகள் எல்லாருமே முதல் வாரத்தில் கழிவறை எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர்கள்தாம். அந்தக் கூட்டத்தில் புதியவன் என்ற பெயர் யாருக்கும் ஒட்டாது. மகன் இரண்டையும் பார்த்துவிட்டுப் படிவம் ஒன்றையே தேர்ந்தெடுத்தான். மலாய்க்குத் தனியாக டியூஷன் வைத்தோம். முதல் பாதி ஆண்டு வரலாற்றுப் பாடம் அவனைப் படுத்தியெடுத்தது உண்மை. இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்பிஎம் அரசாங்கத் தேர்வின் சான்றிதழுக்கு மலாயோடு வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றாக வேண்டும் என்பதால் அதை ஒதுக்கிவிடவும் முடியாது. இருந்தாலும் ஈடுகொடுத்துவிட்டான்.

முடிவெடுப்பதற்கு எங்களுக்கு மிகவும் உதவியது, பள்ளியைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது எது, அவன் கற்பனை செய்துகொண்டது எது என்று பிரித்துப் பார்த்ததுதான். பள்ளியென்றால் நாள் முழுக்க நண்பர்களோடு விளையாடுவது என்று நினைத்திருந்தான். உண்மையில் காலை 7.30-க்குத் தொடங்கி, மணியடித்து மணியடித்துப் பாடம் மாறி, நண்பர்களோடு பேசக் கிடைப்பது ஓய்வு நேரமும் ஆசிரியர் வராத வேளையும்தான். அந்த ஓய்விலும் பாதி நேரம் சிற்றுண்டிச்சாலை வரிசையில் போய்விடுகிறது. மற்றொரு பக்கம், ஆசிரியர்கள் எல்லாரும் திட்டுவார்கள் என்று பயந்திருந்தான், அதுவும் அப்படியில்லை. ஆகையால் சகோதரி, விளையாட்டுப் போட்டி நாளிலோ பொங்கல் விழா நாளிலோ மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போய்க் காட்டாதீர்கள். சாதாரண செவ்வாய்க்கிழமை ஒன்றில், தலைமையாசிரியரின் அனுமதியோடு, இரண்டு பாடவேளை பின்வரிசையில் உட்கார விடுங்கள்.

இன்னொன்றையும் விசாரித்துக்கொள்ளுங்கள். இடநெருக்கடி உள்ள இடைநிலைப்பள்ளிகளில் கீழ்ப்படிவ மாணவர்களுக்கு மாலை நேரப் பள்ளியாக இருக்கும். மருந்து, உணவு, தூக்கம் எல்லாவற்றையும் கவனித்து வளர்ந்த பிள்ளைக்கு இந்த நேர மாற்றம் சிறிய விஷயமன்று.

தமிழைப் பற்றியும் கேளுங்கள். தேசியப் பள்ளிகளில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழைப் பாடமாக நடத்த வேண்டும் என்பது கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. எண்ணிக்கை இருந்தும் ஆசிரியர் இல்லாத பள்ளிகள் உண்டு. தமிழ் வகுப்பு நேர அட்டவணைக்குள் நடக்கிறதா, பள்ளி முடிந்த பிறகா என்பதையும் பதிவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. உங்கள் மகள் தமிழில் யோசிக்கிறவள் போல் தெரிகிறது.

ஜோர்ஜ்டவுன் மாணவி எழுதியது:

அக்கா, நான் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். என் இடைநிலைக் கல்வி முழுவதும் வீட்டில்தான். எஸ்பிஎம் தேர்வைத் தனியார் வேட்பாளராக எழுதினேன். ஐயாவும் அண்ணனும் பெற்றோர் இடத்திலிருந்து சொன்னார்கள். நான் உங்கள் மகளின் இடத்தில் இருந்தவள் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

அவள் இரவில் ஒன்றும் காலையில் ஒன்றும் சொல்வதைத் தடுமாற்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டுமே உண்மையாக இருக்கும். சித்தப்பா பிள்ளைகள் போன பிறகு வீடு வெறிச்சோடிக் கிடக்கும்போது பள்ளி வேண்டும் போலிருக்கும். காலையில் தன் மேசை, தன் புத்தகம், பக்கத்தில் அம்மா என்று இருக்கும்போது இதை எதற்கு விட வேண்டும் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்வியைக் கேட்கக் கேட்க, அதற்குச் சரியான விடை ஒன்று அம்மாவின் மனத்தில் இருக்கிறது, அதைத்தான் நான் கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைக்கத் தொடங்கினேன். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் சாய்வை மறைக்காமல் சொல்லிவிடுங்களேன். 'எனக்குப் படிவம் ஒன்று நல்லதென்று படுகிறது, காரணம் இது. பாட்டிக்கு ஆறாம் ஆண்டு நல்லதென்று படுகிறது, காரணம் அது' என்று வெளிப்படையாகச் சொன்னால், அவள் உங்கள் முகத்தைப் படிக்கும் வேலையை விட்டுவிட்டுத் தன் காரணங்களைத் தேடுவாள். பெரியவர்கள் கருத்தே சொல்லாமல் நிற்பதுதான் நடுநிலை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பிள்ளைக்கு அது இருட்டில் நடப்பது போல்தான்.

அடுத்தது, கேள்வியை ஒத்திப்போட ஒரு தேதி குறியுங்கள். 'ஆண்டிறுதி விடுமுறை தொடங்கும்வரை யாரும் கேட்கமாட்டோம், அதுவரை நீ விரும்பும் பள்ளிகளைப் போய்ப் பார்ப்போம்' என்று சொன்னால் அவள் மூச்சுவிடுவாள்.

கடைசியாக ஒரு சந்தேகம். முதலாம் ஆண்டில் அவள் ஸ்டீராய்டு மருந்து உட்கொண்ட காலத்தில் முகம் உப்பியிருந்திருக்கும். அந்தச் சில மாதங்களில் வகுப்பில் யாராவது எதையாவது சொல்லியிருக்கலாம். பள்ளியைப் பற்றி அவளுக்கு இருக்கும் ஒரே நேரடி அனுபவம் அதுதான். 'பள்ளி பிடிக்குமா' என்று கேட்பதைவிட, 'அப்போது பள்ளியில் உனக்குப் பிடிக்காதது எது' என்று கேட்டுப் பாருங்கள். நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேட்க வேண்டாம். கையில் ஏதாவது வேலை இருக்கும்போது கேட்டால் பிள்ளைகள் பேசுவார்கள்.

பட்டர்வொர்த் அம்மா எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாநிலக் கல்வி இலாகாவுக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன். பதில் வரும்வரை அந்தக் கேள்வியை யாரும் எடுப்பதில்லை என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். மாமியாருக்கு மட்டும் இது கொஞ்சம் கடினமாக இருக்கிறது.

தங்கை சொன்னபடியே கேட்டேன். நோய் அடங்கிய பிறகும் காலையில் சிறுநீரில் சோதனைக் குச்சியை நனைத்து, அதன் நிறத்தைப் புட்டியில் ஒட்டியிருக்கும் வண்ணக் கட்டங்களோடு ஒப்பிட்டு, நோட்டுப்புத்தகத்தில் குறிப்பது எங்கள் வழக்கம். மஞ்சளாகவே இருந்தால் புரதம் இல்லை. பச்சைக்குத் திரும்பினால் மருத்துவரை அழைக்க வேண்டும். அவள் குச்சியைப் பிடித்துக்கொண்டு நிறத்துக்காகக் காத்திருந்த வேளையில், முதலாம் ஆண்டில் எது பிடிக்கவில்லை என்று கேட்டேன். முகம் உப்பியதை யாரோ கேலி செய்திருப்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் சொன்னது வேறு. 'கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று கேட்க வேண்டும் அம்மா. அடிக்கடி கேட்டால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் நான் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவேன்' என்றாள். இத்தனை ஆண்டுகளில் இதை அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. குச்சி மஞ்சளாகவே இருந்தது; அவளே எழுதிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் அவளாகவே வந்து, தமிழ்ப்பள்ளி ஒன்றையும் இடைநிலைப்பள்ளி ஒன்றையும் பார்க்க வேண்டும் என்றாள். எதில் சேர்வது என்பதை இன்னும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டு பள்ளிகளுக்கும் அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். தமிழ்ப்பள்ளியிலிருந்து வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஐயா, கழிவறை விஷயத்தைப் பள்ளியில் யாரிடம், எப்படிப் பேசுவது? நோயாளிப் பிள்ளை என்ற முத்திரை அவள்மேல் விழுந்துவிடக்கூடாது என்பதே என் கவலை.

புக்கிட் மெர்தாஜாம், ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

சகோதரி, பதினொரு வயதுப் பிள்ளை இவ்வளவு தெளிவாகக் காரணம் சொல்வதே பெரிது. செந்தூல் நண்பரின் கருத்தையும் யோசித்துப் பார்த்தேன். நண்பர் வட்டம் பற்றி அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சிறிய தமிழ்ப்பள்ளி என்றால் ஓர் ஆண்டுக்கு ஒரே வகுப்புத்தான் இருக்கும்; அங்கே புதிதாக ஒருவர் நுழைவது கடினம்தான், சில வேளைகளில் அதுவே எளிதாகவும் அமைந்துவிடும். பார்க்கப் போகும்போது ஓய்வு நேரத்தில் பிள்ளைகள் எப்படிக் கூடி உட்காருகிறார்கள் என்பதை மகளே கவனிக்கட்டும். ஆறாம் ஆண்டுதான் என்று நான் இப்போது அடித்துச் சொல்லமாட்டேன். மலாய்க் கட்டுரையை மட்டும் எந்த வழியானாலும் இன்றே தொடங்கிவிடுங்கள்.

கழிவறை விஷயத்துக்கு வருகிறேன். பள்ளி திறப்பதற்கு முந்தின வாரத்தில் மாணவர் நலத் துணைத் தலைமையாசிரியரையும் வகுப்பாசிரியரையும் சேர்த்துச் சந்தியுங்கள். மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் நோயின் வரலாறு நீளமாக வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் கழிவறைக்குப் போகவும் தண்ணீர் குடிக்கவும் அனுமதி தேவை, கண்ணிமை வீங்கினாலோ காய்ச்சல் கண்டாலோ உடனே பெற்றோரை அழைக்க வேண்டும், உணவில் உப்பு பற்றி ஏதேனும் கட்டுப்பாடு இருந்தால் அது, இவ்வளவு போதும். கேட்காமலே எழுந்து போகலாம் என்று வகுப்பாசிரியரோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். ஆசிரியர் மேசையின் ஓரத்தில் ஒரு சிறிய அட்டையை வைத்துவிட்டு வெளியே போய் வரும் பழக்கத்தை நான் பணியிலிருந்தபோது சில பிள்ளைகளுக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். கதவருகே இடம் கேளுங்கள். மற்றப் பாட ஆசிரியர்களுக்கும், மாற்று ஆசிரியர் வரும் நாளுக்கும் செய்தி போய்ச் சேருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பெரும்பாலும் சிக்கல் வருவது மாற்று ஆசிரியர் வரும் நாளில்தான்.

அந்தச் சந்திப்புக்கு மகளையும் அழைத்துச் செல்லுங்கள். தனக்கு எது வேண்டும் என்பதை அவளே ஆசிரியரிடம் சொல்லட்டும், விட்டுப்போனதை நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம். ஆசிரியர் அவளைப் பார்த்துப் பதில் சொல்கிறாரா, உங்களைப் பார்த்துச் சொல்கிறாரா என்பதிலிருந்தே அந்தப் பள்ளியைப் பற்றி அவள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவாள்.